புழுவுக்கு ஓர் இலை

பங்குனி பிறந்ததும் நம் நகரத்து நண்பர்கள் பலருக்கு ஒருவகைக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. காலை ஆறு மணிக்குப் பல் தேய்த்த கையோடு கைபேசியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். தோட்டம் என்றால் காணிக்கணக்கில் நினைத்துக்கொள்ள வேண்டாம். சுற்றுச்சுவருக்கும் வாசற்படிக்கும் நடுவே கிடக்கும் நாலு முழ மண், அல்லது மொட்டை மாடியில் வரிசையாக வைத்த இருபது தொட்டிகள். அங்கே குனிந்தும், மண்டியிட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டும் படம் எடுக்கிறார்கள். ரோஜாவுக்கு நாலு படம், செம்பருத்திக்கு நாலு, காகிதப்பூவுக்கு நாலு. அதிர்ஷ்டம் இருந்து ஒரு பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு நாற்பது. காப்பி ஆறுவதற்குள் அந்தப் படங்கள் உறவினர் குழு, அலுவலகக் குழு, குடியிருப்போர் சங்கக் குழு என்று மூன்று வாட்ஸ்அப் வட்டங்களைச் சுற்றி வந்துவிடுகின்றன. 'என் தோட்டத்தில் வசந்தம்' என்று தலைப்பு. அதன் கீழே கூப்பிய கைகளும் சிவப்பு இதயங்களும் குவிகின்றன.

இதில் உமக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. படம் எடுப்பவர்மேல் எனக்குப் பொறாமை இல்லை. காமிராவின்மேல் விரோதமும் இல்லை. ஒரு காலத்தில் பட்டாம்பூச்சியின்மேல் ஆசை கொண்டவர் அதை வலை வீசிப் பிடித்தார். மார்பில் ஊசி குத்தினார். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கினார். விலங்கியல் படித்த மாணவர்கள் பூச்சிப்பெட்டி சேர்த்துக் கொடுத்தால்தான் செய்முறைத் தேர்வில் மதிப்பெண். அந்த ஊசி இருந்த இடத்துக்குக் காமிரா வந்ததை நாகரிகம் என்றே நான் சொல்வேன்.

என் சண்டை வேறு. படத்தில் பட்டாம்பூச்சியைக் கொண்டாடுகிற கைதான், படம் எடுத்து முடித்த பிறகு, அதே தோட்டத்தில் அதைக் கொல்கிறது. தெரியாமல் கொல்கிறவர்கள் பலர். தெரிந்தே கொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

மதுரையில், வைகைக்கு வடகரையில், என் நண்பர் ஒருவரின் வீடு இருக்கிறது. பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல ரசிகர். அவருடைய கைபேசியில் பட்டாம்பூச்சிப் படங்கள் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒருநாள் அவற்றை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கறுப்பு இறகில் மஞ்சள் புள்ளிகளைத் தெளித்தாற்போன்ற ஒன்றைக் காட்டும்போது அவர் குரலே குழைந்துவிட்டது. அந்தச் சமயத்தில் தோட்டக்காரப் பெரியவர் வந்து நின்றார்.

"ஐயா, எலுமிச்சங் கன்னுல புழு வச்சிருக்கு. கொழுந்தெல்லாம் தின்னுது."

"மருந்து அடிச்சுடுங்க."

பெரியவர் தயங்கினார். "பட்டாம்பூச்சி ஆகுற புழுங்கய்யா அது."

"இருக்கட்டும் பெரியவரே. செடி மொட்டையாப் போயிடும். அடிச்சுடுங்க."

பெரியவர் போய்விட்டார். நண்பர் அடுத்த படத்துக்கு விரலை நகர்த்தினார். முந்தின படத்தில் இருந்தது எலுமிச்சை அழகி. அதன் பிள்ளைகளைத்தான் அவர் அப்போது ஒழித்துவிடச் சொன்னார். அவருக்கு ஒன்றும் உறுத்தவில்லை. அறிவு குறைந்தவர் என்பதால் அல்ல. புழுவும் பட்டாம்பூச்சியும் ஒரே உயிர் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். ஆனால் அந்தப் பாடம் அவருடைய புத்தியில் ஓர் அறையிலும், தோட்டம் இன்னோர் அறையிலும் இருந்தன. நடுவே கதவு இல்லை.

அந்த எலுமிச்சைக் கன்றில் நடந்தது என்னவென்று கொஞ்சம் பார்க்கலாம். தாய்ப் பூச்சி தேன் குடிக்கும் பூவில் முட்டை இடுவதில்லை. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் என்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்த செடிகளைத் தேடி வந்து, இலையைக் காலால் தொட்டுப் பார்த்துச் சுவை அறிந்து, தளிரில் கடுகளவு முட்டையை ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகிறது. சில நாளில் குஞ்சுப் புழு வெளிவருகிறது. அதன் தோற்றம் பறவை எச்சம் போல இருக்கும். பறவை தன் எச்சத்தைத் தானே தின்னாது அல்லவா? வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சை நிறம் பூண்டுவிடுகிறது. யாராவது சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல ஓர் ஆரஞ்சு நிற உறுப்பை நீட்டி நாற்றத்தைப் பரப்புகிறது. பிறகு இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு காம்பில் சாய்ந்து கூட்டுப்புழு ஆகிறது. முட்டையிலிருந்து இறகு வரைக்கும் ஏறத்தாழ ஒரு மாதம். இந்த ஒரு மாதத்தில் அது நம்மிடம் கேட்பது சில இலைகள்.

தமிழில் பட்டாம்பூச்சிகளுக்குப் பெயர் சூட்டிய ஆர்வலர்கள் இந்த உறவை மறக்கவில்லை. எலுமிச்சை அழகி என்றார்கள். கறிவேப்பிலை அழகி என்றார்கள். அழகிக்கு முன்னால் அவள் தின்று வளர்ந்த இலையின் பெயர் நிற்கிறது. நம் வீட்டிலோ அழகிக்கு வரவேற்பு, இலைக்கு விஷம்.

விஷத்தை நாம் விஷம் என்று சொல்வதும் இல்லை. 'மருந்து' என்கிறோம். எதற்கு மருந்து? யாருடைய நோய்க்கு? கிராமத்தில் ஒருவன் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டால், 'மருந்தைக் குடித்துவிட்டான்' என்று சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போது நமக்கு உடம்பு நடுங்குகிறது. ஆனால் அதே சொல்லைக் கறிவேப்பிலைச் செடிக்கு முன்னால் மருத்துவர் குரலில் உச்சரிக்கிறோம். நாளைக்கு அந்த இலையைக் கிள்ளி ரசத்தில் போடப்போகிறவர்களும் நாம்தான். பெயரை மாற்றிவிட்டால் பாவம் குறைந்துவிடும் என்று நம்புகிற கூட்டம் அரசியலில் மட்டும் இருக்கிறது என்று யார் சொன்னது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மல்லிகை விவசாயியோடு நான் வம்புக்குப் போகவில்லை. மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது; ஆனால் மொட்டுப்புழு அந்தக் குறியீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போவதில்லை. விடியற்காலையில் மொட்டாகவே பறித்து மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கிற குடும்பத்துக்கு அந்த மொட்டுத்தான் அடுப்பில் எரிகிற விறகு. எவ்வளவு தெளிக்கலாம், எதைத் தெளிக்கலாம், தெளிக்காமலே என்ன செய்யலாம் என்பது அவர்களும் வேளாண்மை அறிந்தவர்களும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். பொழுதுபோக்குக்குத் தோட்டம் வைத்து, மாதம் ஆறு எலுமிச்சம்பழத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளக்கூடியவர்களிடம்தான் நான் பேசுகிறேன். விவசாயி வயிற்றுக்காக அடிக்கிறான். நீங்கள் எதற்காக அடிக்கிறீர்கள்?

இதற்கு மூன்று பதில்கள் வழக்கமாக வருகின்றன. முதல் பதில், "குழந்தைகள் இருக்கிற வீடு, புழு பட்டால் அரிக்கும்" என்பது. முருங்கை மரத்தில் கூட்டம் கூட்டமாக அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாவது உண்மை. அது அந்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்தது. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் உள்ள அழகியின் புழுவுக்கு மயிரே கிடையாது. கையில் ஏறினால் வழவழவென்று ஊர்ந்து போகும். முருங்கையில் செய்த குற்றத்துக்கு எலுமிச்சையில் தண்டனை கொடுக்கிறோம். குழந்தைக்கு எது தொடலாம், எது தொடக்கூடாது என்று காட்டிக்கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் இல்லாததால் எல்லாப் புழுக்களும் சாகின்றன. பூச்சிகொல்லி படிந்த இலையைப் பற்றி மட்டும் குழந்தையிடம் யாரும் எச்சரிப்பதில்லை.

இரண்டாவது பதில், "செடி அழிந்துவிடும்" என்பது. வேர் ஊன்றிய எலுமிச்சை சில தளிர்களை இழந்ததால் பட்டுப்போவதில்லை. மழை கண்டதும் மறுபடி துளிர்க்கிறது. கன்று மிகச் சிறியதென்றால் இரண்டு புழுவை விட்டுவிட்டு மற்றவற்றைப் பக்கத்து வில்வத்துக்கு மாற்றி வைக்கலாம். அதற்கு மேல் பெருகாமல் பார்த்துக்கொள்ளத் தையல் சிட்டு இருக்கிறது. அது தன் குஞ்சுகளுக்குப் பூச்சியும் புழுவும்தான் ஊட்டுகிறது. ஊர்க்குருவி தானியம் தின்கிற பறவைதான். ஆனாலும் குஞ்சு வளர்க்கும் நாளில் அதுவும் புழு தேடித்தான் அலைகிறது. 2010-ஆம் ஆண்டிலிருந்து மார்ச் 20-ஐ உலகச் சிட்டுக்குருவி நாள் என்று கொண்டாடுகிறோம். மரப்பெட்டி வாங்கி வராந்தாவில் தொங்கவிட்டு அதையும் படம் எடுக்கிறோம். குருவிக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு அதன் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதை என்னவென்று சொல்வது?

மூன்றாவது பதில்தான் சாமர்த்தியமானது. "எங்கள் தோட்டத்தில் பட்டாம்பூச்சி வந்துகொண்டுதானே இருக்கிறது? ஆதாரமாகப் படம் இருக்கிறதே!" என்கிறார்கள். வருகிறது; மறுக்கவில்லை. ஆனால் விருந்துக்கு வருகிற வீடு வேறு, பிள்ளைப்பேற்றுக்குப் போகிற வீடு வேறு. நம் பெண்கள் எந்த ஓட்டலில் வேண்டுமானாலும் சாப்பிடுவார்கள். தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீடுதான் போவார்கள். பட்டாம்பூச்சிக்கும் அப்படித்தான். தேன் எங்கே கிடைத்தாலும் குடிக்கும். உண்ணிச்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து அலங்காரத்துக்காக வந்து, இன்று நம் காடுகளில் பரவி மற்றச் செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கும் முள்புதர். அதன் பூவில் பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். படம் பிரமாதமாக வரும். ஆனால் அழகிகளில் ஒருத்தியும் அந்த இலையில் முட்டை இடமாட்டாள். உங்கள் படத்தில் இருப்பது யாரோ ஒருவர் மருந்தடிக்காமல் விட்ட எலுமிச்சையில் பிறந்த பூச்சி. பிறர் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்த படம் அது.

இன்றைய நாகரிகத் தோட்டங்களில் விருந்துகூடச் சரியாக இல்லை. காகிதப்பூ பிரேசில் பக்கத்திலிருந்து வந்தது. அதில் நாம் பூ என்று மயங்குகிற சிவப்பும் ஊதாவும் வண்ணம் ஏறிய இலைகள்தான். உள்ளே குச்சிபோல நிற்கும் சின்ன வெள்ளைக் குழாய்தான் உண்மையான பூ. நாற்றுப் பண்ணையில் அதிக விலைக்கு விற்கும் அடுக்குப் பூக்கள் பலவற்றில் மகரந்தம் தாங்க வேண்டிய கேசரங்களே இதழ்களாக மாற்றப்பட்டிருக்கின்றன. தேடி வருகிற பூச்சிக்குத் தேன் கிடைப்பது அரிது. குரோட்டன்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இலையைப் பார்ப்பதற்கென்றே வளர்ப்பது. பந்தல் போட்டு, வாழை கட்டி, மேளம் வைத்து, இலையில் மட்டும் ஒன்றும் பரிமாறாத கல்யாணம் போல இருக்கிறது.

அதற்குள் நம் மண்ணின் செடிகள் எங்கே போயின? எருக்கு இழவுச் செடி என்று வெட்டப்படுகிறது. அந்த எருக்கில்தான் வெந்தய வரியன் முட்டை இடுகிறது. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையம் போட்ட அதன் புழு எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் அந்தப் பூச்சியைத் தீண்டத் தயங்குகின்றன. எகிப்தில் நெபாமுன் என்பவருடைய கல்லறைச் சுவரில், கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 1350 ஆண்டுகளுக்கு முன்பு தீட்டிய வேட்டைக் காட்சி ஒன்று இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் பறக்கும் பட்டாம்பூச்சிகள் இந்த வெந்தய வரியன் இனம் என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓவியன் மறுமைக்குக் கொண்டுபோகத் தகுந்தது என்று நினைத்த அழகை, காலிமனையைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று நாம் அரிவாளால் வெட்டிப் போடுகிறோம்.

ஆவாரையும் சரக்கொன்றையும் வெளிர்மஞ்சள் பூச்சிகளை வளர்க்கின்றன. ஆமணக்கு ஒன்றை வளர்க்கிறது. கண்மாய்க்கரையில் தரையோடு படர்ந்து கிடக்கும் ஆடுதீண்டாப்பாளை, ஆடு வாய் வைக்காத கசப்பை வைத்துக்கொண்டு, சிவப்பு உடல் கொண்ட இரண்டு அழகிகளுக்குத் தாய்வீடாக இருக்கிறது. இன்னொரு வேடிக்கை. நம் கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சிகளில் பல, நஞ்சுள்ள அந்த இரண்டு அழகிகளைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு பறவையை ஏமாற்றுகின்றன. ஆடுதீண்டாப்பாளையைக் கண்மாய்க்கரையில் அழித்துவிட்டால், மாடியில் இருக்கிற கறிவேப்பிலை அழகியின் வேஷத்துக்கும் மதிப்புப் போய்விடுகிறது. அசல் இல்லாத ஊரில் போலியைப் பார்த்து யார் பயப்படப்போகிறார்கள்? உங்கள் சுற்றுச்சுவர் உங்களுக்கு எல்லை. அதற்கு எல்லை அல்ல.

'வசந்தம்' என்ற சொல்லையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். பனியில் உறைந்து கிடந்த நாட்டில் பனி உருகியதும் மண்ணிலிருந்து பூ எழும்புகிறது; அவர்கள் அதைக் காமிராவோடு ஓடிப்போய்க் கொண்டாடுவதில் அர்த்தம் இருக்கிறது. நமக்கும் இளவேனில் உண்டு. சித்திரையும் வைகாசியும் அதன் மாதங்கள். வேம்பும் புங்கும் பூத்து உதிர்கின்றன. சரக்கொன்றை சரம் சரமாகத் தொங்குகிறது. அழகர் மலையிறங்கி வைகைக்கு வருகிறார். ஆனால் மதுரைச் சமவெளியில் அது அனல் காலமும்தான். திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்கென்று புதுமண்டபத்தைக் கட்டியபோது அதைச் சுற்றி நீர் நிறுத்துவதற்கு வழி செய்தார். நம் வசந்தம் நிழலும் நீரும் தேடுகிற வசந்தம். மரத்தடியில் கொண்டாட வேண்டியது. தொட்டியில் வாங்கி வைத்த குளிர்நாட்டுப் பூ அந்த வெயிலில் பத்து நாள் தாங்காது. படம் எடுத்ததும் குப்பைக்குப் போகிறது. அடுத்த ஆண்டு மறுபடி வாங்குகிறார்கள்.

பட்டாம்பூச்சியின் பஞ்சாங்கம் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை இறங்கி, கட்டாந்தரையெல்லாம் தும்பையும் கிலுகிலுப்பையும் தலைதூக்கும்போதுதான் இந்தச் சமவெளியில் அதற்குத் திருவிழா. கிலுகிலுப்பைச் செடியில் நீல வரியன்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதை ஒருமுறை பார்த்தவர் பங்குனிப் படத்தைப் பெரிதாகச் சொல்லமாட்டார். அந்த மாதங்களில் நம் காமிரா நண்பர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, சகதி என்றும் புதர் மண்டிவிட்டது என்றும் மாநகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

படம் எடுக்கும் முறையிலும் ஒரு கொடுமை புகுந்திருக்கிறது. பூச்சி அசையாமல் இருந்தால் படம் துல்லியமாக விழும் என்பதற்காக அதைப் பிடித்து டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குளிரில் விறைத்ததும் எடுத்துப் பூவின்மேல் வைத்து, தண்ணீரைப் பீய்ச்சிப் பனித்துளி என்று பெயரிட்டுப் படம் எடுக்கிறார்கள். கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த பூச்சி, மடிந்த இறகுக்குள் நீரைச் செலுத்தி விரித்து உலர்த்திக்கொள்ளும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில், வெளிச்சம் போதவில்லை என்று விரலால் எடுத்து இடம் மாற்றுகிறார்கள். இறகு கோணலாகிவிட்டால் அது ஆயுள் முழுதும் பறக்காது. பார்ப்பவர்கள் 'இயற்கையின் அற்புதம்' என்று இதயம் போடுகிறார்கள். பழைய ஊசி இதைவிட மோசம் என்று எனக்கு இப்போது தோன்றவில்லை. அதைக் குத்தியவர் தாம் கொன்றோம் என்பதை மறைக்கவாவது இல்லை.

அழகை முழுதாகப் பார்ப்பது எப்படி என்று காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. மரியா சிபில்லா மேரியன் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1699-ஆம் ஆண்டில், ஐம்பத்திரண்டு வயதில், மகளை அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவில் உள்ள சூரினாமுக்குக் கப்பல் ஏறினார். 1705-இல் அவர் வெளியிட்ட ஓவிய நூலில் பட்டாம்பூச்சி தனியாகப் பறக்கவில்லை. புழு, கூடு, பூச்சி, அவை தின்னும் செடி எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பூச்சி அரித்த இலையின் ஓட்டைகூட இருக்கிறது. புழுக்கள் சேற்றில் தாமாகவே பிறக்கின்றன என்று படித்தவர்களும் நம்பிய காலத்தில் வளர்ந்தவர் அவர். காமிரா இல்லாத அந்தக் கைக்குத் தெரிந்தது, கோடிக்கணக்கான புள்ளிகளில் படம் பிடிக்கிற நம் கைபேசிக்குத் தெரியவில்லை.

நம் ஊரிலும் ஒருவர் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950-இல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் தொடங்கிய இயற்கைக் குறிப்புகளை 1996-இல் இறக்கும் வரை எழுதினார். காமிராவும் அவருக்குக் கைவந்தது. எடுத்த படங்கள் கறுப்பு வெள்ளை. வண்ணம் காட்டி யாரையும் மயக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. அயல்நாட்டு அலங்கார மரங்களைக் கொண்டுவந்து நடும் மோகத்தை அவர் கடுமையாகச் சாடியிருக்கிறார். நாவலாசிரியரின் மகன் உயிரினத்தையும் அதன் இடத்தையும் பிரித்துப் பார்க்க மறுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பாத்திரத்தை அதன் தெருவிலிருந்து பிடுங்கி வைத்துக் கதை எழுதினால் அது எப்படிப் பொய்யாகிவிடுகிறதோ, இலையிலிருந்து பிடுங்கிய பட்டாம்பூச்சியும் அப்படித்தான் பொய்யாகிறது.

அரசாங்கமும் தன் பங்குக்கு 2019-ஆம் ஆண்டில் 'தமிழ் மறவன்' என்ற பட்டாம்பூச்சியை மாநிலப் பூச்சியாக அறிவித்தது. நல்ல பெயர். மலைக்காட்டில் வாழ்வது, அதன் புழு மரவெட்டி மரத்து இலையைத் தின்று வளர்வது. மறவனின் படத்தைச் சுவரொட்டியில் பார்த்தவர்கள் ஏராளம். மரவெட்டியின் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா என்று பத்துப் பேரிடம் விசாரித்துப் பாருங்கள். பட்டம் பூச்சிக்குக் கிடைத்தது. மரம் அநாமதேயமாக நிற்கிறது. அரசாங்கமே இப்படி இருக்கும்போது என் நண்பரை மட்டும் குறை சொல்வானேன் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

ஆனால் மதுரைக்காரர்களைப் பற்றி எனக்கு அவநம்பிக்கை இல்லை. மேலூர் வட்டத்தில் உள்ள அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விட்டபோது ஊர் ஊராக மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அன்று நகரத்து நண்பர்களும் உற்சாகமாக ஆதரவுச் செய்திகளைப் பகிர்ந்தார்கள். மலைக்காகக் குரல் கொடுத்தவர்களுக்கு மாடித் தொட்டி பெரிய காரியமா? சுரங்கக்காரனிடம் 'தோண்டாதே' என்று சொல்வது எளிது. அங்கே இழப்பு அவனுடையது. நம் எலுமிச்சையில் நாலு இலை போவதைப் பொறுத்துக்கொள்வதில்தான் நம் பிரியம் எவ்வளவு என்று தெரியும்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். ஓட்டை விழாத இலையும் வேண்டும், அதில் பிறந்த பட்டாம்பூச்சியும் வேண்டும் என்றால் நடக்காது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஓட்டையில்லாத இலையைத் தேர்ந்துகொண்டவர், தயவுசெய்து அந்த இலையையே படம் எடுத்து அனுப்பட்டும். நாங்களும் பார்த்து மகிழ்கிறோம்.

பட்டாம்பூச்சியைத் தேர்ந்துகொள்கிறவருக்கு வேலை அதிகம் இல்லை. வருகிற புரட்டாசியில் ஓர் எலுமிச்சைக் கன்றோ கறிவேப்பிலைக் கன்றோ நடுங்கள். இடமில்லை என்றால் தொட்டி போதும். சுவரோரத்தில் தானாக முளைத்த எருக்கை ஒரு மழைக்காலம் வெட்டாமல் விடுங்கள். தெளிப்பான் பழைய சாமான் அறையில் இருக்கட்டும். இலை தின்னப்படும்போது கைபேசியை எடுங்கள். கடுகளவு முட்டையை ஒரு படம், எச்சம்போன்ற குஞ்சை ஒரு படம், பச்சைப் புழுவை ஒரு படம், நூலில் சாய்ந்த கூட்டை ஒரு படம். ஐந்தாவதாக இறகு விரிந்ததையும் எடுங்கள். ஐந்தையும் சேர்த்து உங்கள் உறவினர் குழுவுக்கு அனுப்புங்கள். முதல் நாலு படங்களைப் பார்த்து அத்தையும் சித்தப்பாவும் முகம் சுளிப்பார்கள், 'காலையிலேயே புழுவா?' என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். கேட்கட்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று அன்று சாயங்காலம் கறிவேப்பிலைச் செடியடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இலையைப் புரட்டிப் பார்க்கும்.

வந்தவர்க்கெல்லாம் இலை போட்டுச் சோறிட்ட ஊர் இது என்று பெருமை பேசுகிறோமே, அந்தப் புழுவுக்கும் ஓர் இலை போடுங்கள்.